முட்டைக்கு லீவு நாள்

பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் நசீருதீன் பாய் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டார். திருவண்ணாமலை டவுனிலிருந்து டிவிஎஸ் வண்டியில் முட்டை அட்டைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு, மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போடுகிறவர். அடி அண்ணாமலையில் ராஜம்மாள் வீட்டுக்கு வரும்போது மட்டும் வண்டியை முன்வாசலில் நிறுத்த மாட்டார். பக்கத்துச் சந்தில் புகுந்து தோட்டத்துப் பக்கம் வந்து, "முட்டைம்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். அது ராஜம்மாள் போட்ட சட்டம்.

மருமகள் ஆர்த்தி கூடையோடு வந்தாள்.

"இன்னிக்கே வாங்கி வச்சுக்கோம்மா. நாளைக்கு முட்டைக்கு லீவு" என்றார் பாய்.

"அப்போ உங்களுக்கும் லீவா பாய்?"

"எனக்கேது? உங்க ஊரு பக்கம் போயிடுவேன். கீழ்பென்னாத்தூர்ல பௌர்ணமின்னு எவன் பாக்கறான்? ஜாஸ்தியாவே போவும்."

ஆர்த்தி சிரித்தாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் கூச்சப்படாமல் பேசுகிற வெளியாள் அவர் ஒருவர்தான். முட்டைப் பேச்சு என்றால் அவளுக்கு வாய் தானாகத் திறந்துவிடும்.

முட்டையைப் பொறுத்தவரை அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செங்கல் வைத்துப் பூசிய விறகடுப்பு ஒன்று இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஆணியடித்து முட்டைக் கல், முட்டைக் கரண்டி, முட்டை அடிக்கிற கிண்ணம் எல்லாம் மாட்டியிருக்கும். அவை வீட்டுச் சமையலறைப் படி ஏறியதே இல்லை.

மாமனார் ராஜமாணிக்கத்துக்கு ஆஃப்பாயில். மேலே மிளகுத்தூள் தூவ வேண்டும், மஞ்சள் கரு உடையக் கூடாது. உடைந்துவிட்டால், "இத உன் புருஷனுக்குக் குடும்மா" என்று தட்டை நகர்த்திவிடுவார். அவள் புருஷன் வல்லரசு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் எந்நேரத்தில் வந்தாலும் கலக்கிதான் கேட்பான். முட்டையில் ஒரு கரண்டிக் குழம்பு விட்டு அடித்துக் கல்லில் ஊற்றி, வெந்தும் வேகாமலும் இருக்கும்போதே நாலு பக்கமும் மடித்து எடுத்துவிட வேண்டும். முருங்கைக்கீரை கிடைத்தால் கீரையோடு கிளறிய பொடிமாஸ். மாமியார் ராஜம்மாள் பொரித்த முட்டையைத் தொட மாட்டாள். புளிக்குழம்பு கொதிக்கும்போது முட்டையை உடைத்து ஊற்றி, கிண்டாமல் மூடி வைத்து, கட்டியானதும் எடுத்துப் போட்டால் மட்டும் ஒன்று சாப்பிடுவாள். "இதுலதான் வாட தெரியாது" என்பாள்.

ஆர்த்திக்குப் பிடித்தது கரண்டி ஆம்லெட். ஆழமான இரும்புக் கரண்டியில் எண்ணெயைக் காயவைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் மிளகும் போட்டு அடித்த முட்டையை ஊற்றினால் அது பந்து மாதிரி உப்பி எழும்பும். ஸ்பூனால் ஒரு திருப்பு. வெளியே முறுகலாக இருக்கும், உள்ளே பஞ்சாக இருக்கும். எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு அடுப்பு ஓரமாகக் குந்திக்கொண்டு, கரண்டியிலிருந்தே பிய்த்து ஊதி ஊதித் தின்பாள்.

தோட்டத்து அடுப்பு அப்படி. வாசல் அடுப்பு வேறு. வீட்டுக்கு முன்னால் ஓடுவது கிரிவலப் பாதை. பௌர்ணமி என்றால் சாயங்காலத்திலிருந்து செருப்பில்லாத கால்கள் ஓயாமல் அதில் நடக்கும். ராஜம்மாள் வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே கேஸ் அடுப்பைப் போட்டுத் தோசை ஊற்றுவாள். இட்லி, போண்டா, சுண்டல் விற்கிறவர்கள் அந்த வழியில் எத்தனையோ பேர். ஆனாலும் மாதாமாதம் வருகிறவர்கள் ராஜம்மாளின் தோசைக்கு நிற்பார்கள். காகிதம் போல மெல்லிசாக, ஒரே சுற்றில் விரிந்து, ஓரத்தைத் தொட்டதும் தானாகக் கழன்று வரும் தோசை. "முட்டை படாத கல்லுங்க இது. வாங்கின நாள்லருந்து படல" என்று அவள் கேட்காமலே சொல்வாள்.

அந்த அடுப்பின் முன்னால் நின்று தானும் ஒரு தோசை ஊற்ற வேண்டும் என்பது ஆர்த்தியின் ஆசை. இதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் சட்னி அரைப்பதும், தண்ணீர் எடுத்து வைப்பதும், தட்டு கழுவுவதும்தான். போன பௌர்ணமி முடிந்து கடையைச் சுருட்டும்போது மாமியார் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னாள்: "அடுத்த தடவ வேணா நீ ரெண்டு ஊத்திப் பாரு. கை எப்படி வருதுன்னு பாக்கலாம்." மாதம் முழுக்க ஆர்த்தி அந்த வார்த்தையை மறக்கவில்லை.

அதனால்தான் பௌர்ணமியன்று காலையில் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாள். ராஜம்மாள் கோயிலுக்குக் கிளம்பும்போது, "வீடு மொத்தம் கழுவி விட்டுடு. பாத்திரம் எல்லாத்தையும் தேய்ச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆர்த்தி கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தாள். அடுப்புக்குக் கீழே துணியில் சுற்றி வைத்திருந்த தோசைக்கல்லையும் எடுத்தாள். கன்னங்கரேல் என்று இருந்தது. புளியும் செங்கல் தூளும் போட்டு, அதற்கும் போகாத கறுப்பைக் கம்பி நாரால் சுரண்டி, தோள்பட்டை வலிக்க வலிக்கத் தேய்த்தாள். கல் வெளுத்துவிட்டது. மறுபடி அதே துணியில் சுற்றி அதே இடத்தில் வைத்தாள்.

அவள் அம்மா வீட்டு வழக்கம் அது. அங்கே ஒரே கல்தான். தோசையும் அதில்தான், ஆம்லெட்டும் அதில்தான். வியாழக்கிழமை இரவே அம்மா கல்லை வெளுக்கத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை இட்லி. சனிக்கிழமை முதல் வேலையாக ஒரு முட்டையை உடைத்துக் கல் முழுக்கப் பரப்பிச் சுரண்டி எடுத்தால் கல் பழையபடி பேச்சுக் கேட்கும். தேய்த்த கல்லை முட்டை சரிசெய்கிறது என்பதை ஆர்த்தி யோசித்துப் பார்த்ததே இல்லை. முட்டையே படாத கல்லைத் தேய்த்தால் அதைச் சரிசெய்ய ஒன்றுமில்லை என்பதையும் யோசிக்கவில்லை.

சாயங்காலம் ராஜம்மாள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் துணியைப் பிரித்தாள். கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? வெள்ளித் தாம்பாளமாட்டம் மின்னுது?"

ஆர்த்தி சட்னிப் பாத்திரத்தோடு நின்றாள். "தேய்ச்சேன் அத்த."

"கல்லையா? கல்ல யாராச்சும் தேய்ப்பாங்களா? துணியால ஒத்தி எடுக்கற கல்லுடி அது!"

"எல்லாத்தையும்னு நீங்க..." என்று ஆரம்பித்தவள் மிச்சத்தை விழுங்கிவிட்டாள்.

ராஜமாணிக்கம் தட்டுகளை அடுக்கியபடி, "சரி வுடு, சூடு ஏறினா சரியாயிடும்" என்றார்.

"நீ கம்முனு இரு. உனக்கு ஆஃப்பாயில் ஒண்ணத் தவிர இன்னா தெரியும்?"

கல் சூடேறியது. ராஜம்மாள் முதல் மாவை ஊற்றி இழுத்தாள். நன்றாகத்தான் விரிந்தது. திருப்பிப் போடப் பார்த்தால் பாதி தோசை கரண்டியோடு வந்தது, பாதி கல்லோடு நின்றுவிட்டது. வெங்காயத்தை வெட்டி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். உப்பைக் கொட்டி வறுத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தோசையும் கந்தலாகத்தான் வந்தது. அதற்குள் வாசலில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். "இன்னாம்மா, இன்னிக்குக் கொத்து தோசையா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் பக்கத்து இட்லிக் கடைக்கு நகர்ந்தார்.

பௌர்ணமிக்குப் பாதையை அடைத்துவிடுவதால் வல்லரசுக்கு அன்று ஓட்டம் இல்லை. அவன் மெதுவாக அம்மாவின் காதருகே வந்தான். "முட்டைக் கல்லு சும்மாதானே தொங்குது? நல்லா கழுவிக் கொண்டாரட்டுமா? யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்டா" என்றாள் ராஜம்மாள். "போய் பக்கத்துல யார்கிட்டயாச்சும் கல்லு இருக்குதான்னு கேளு." கேட்டுவிட்டு வந்தான். பௌர்ணமியன்று யார் கல்லைக் கொடுப்பார்கள்? எல்லாக் கல்லும் அடுப்பில்தான் இருந்தது.

"இட்லியா ஊத்திடலாமா?" என்று ராஜமாணிக்கம் கேட்டார்.

"தோசைக்குக் கரைச்ச மாவு. இட்லி ஊத்தினா தட்டையாப் போவும்." ராஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மாவு மொத்தம் வீணு. இன்னியோட இந்தக் கடைக்குப் பேரும் போச்சு." பிறகு ஆர்த்தியைப் பார்க்காமலே சொன்னாள்: "நீ உள்ள போ. இனிமே இந்த அடுப்பு பக்கம் வராத."

ஆர்த்தி உள்ளே போனாள். உள்ளேயும் நிற்க முடியாமல் தோட்டத்துக்குப் போனாள். விறகடுப்புக்குப் பக்கத்தில் தவிட்டு வாளியில் நேற்று வாங்கிய முட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். ஒரே ஒரு முட்டை போதும். கல்லை உள்ளே வாங்கி வந்து, உடைத்துப் பரப்பிச் சுரண்டி எறிந்துவிட்டு, நன்றாகத் துடைத்துக் கொடுத்தால் தோசை மறுபடி காகிதம் மாதிரி வரும். வாடைகூட இருக்காது. அம்மா சனிக்கிழமைகளில் செய்ததை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மாமியாருக்குத் தெரியாது. நடக்கிறவர்களுக்கும் தெரியாது.

சுவருக்கு அந்தப் பக்கம் "அரோகரா" என்று யாரோ கத்தினார்கள். பலபேர் கூடவே சொன்னார்கள். காலையிலிருந்து பட்டினியாக இருந்து, வெறுங்காலோடு நடந்து வந்து, இங்கே முட்டை படாத கல் என்று நம்பி நிற்கிறவர்கள். ஆர்த்தி முட்டையைத் தவிட்டுக்குள் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஆணியில் தொங்கிய கரண்டி கண்ணெதிரே இருந்தது.

அந்தக் கரண்டி ஆகாது. ஆனால் சமையலறையில் தாளிக்கிற கரண்டி இருக்கிறது. தினமும் எண்ணெயில் கிடக்கிற இரும்புக் கரண்டி. அதை யாரும் தேய்ப்பதில்லை, அவளும் தேய்க்கவில்லை. பண்டிகைக்கு எடுக்கிற பெரிய கரண்டியும் மேலே அலமாரியில் ஒன்று உண்டு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து, ஒரு பிடி ரவையோடு அந்த இரண்டு கரண்டிகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாவில் எல்லாவற்றையும் போட்டுக் கலக்கி, ஓர் அடுப்பிலிருந்து கல்லை இறக்கிவிட்டுத் தாளிக்கிற கரண்டியை வைத்தாள். எண்ணெய் காய்ந்தது. மாவை ஊற்றினாள். அது சுற்றிலும் பொரிந்து, நடுவில் உப்பி எழும்பியது. ஸ்பூனால் ஒரு திருப்பு. பொன்னிறமாக, முழுசாக, ஒட்டாமல் தட்டில் விழுந்தது.

ராஜமாணிக்கம் முதலில் பிய்த்துப் பார்த்தார். "அடி சக்கை" என்றார்.

ராஜம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். இரண்டாவது அடுப்பில் பெரிய கரண்டியைத் தானே வைத்தாள்.

இரண்டு கரண்டியும் ஓயவில்லை. வல்லரசு இன்னொரு வீட்டிலிருந்து தாளிப்புக் கரண்டி ஒன்று வாங்கி வந்தான். நின்றுகொண்டிருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கித் தின்றுவிட்டு நடந்தார்கள். கூட்டம் திரும்பவும் சேர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆதிலட்சுமி அம்மாள் வந்தார். வேலூரிலிருந்து மாதாமாதம் வருகிறவர், சுத்த சைவம், ராஜம்மாள் தோசையைத் தவிர வழியில் வேறெதுவும் தொடாதவர். நாற்காலியில் உட்கார்ந்து தட்டை வாங்கினார். பார்த்தார். தோசையில் விரல் படாமல் தட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"ராஜம்மா, இது இன்னா?"

"கரண்டி தோசைங்கம்மா. இன்னிக்குக் கல்லு கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"எங்க தெருமுனையில சாயங்காலத்துல இதே மாதிரிதான் கரண்டியில போடறான். ஆம்லெட்டு. வெங்காயம், மொளகா, இதே உப்பல். இதுல முட்டை இருக்கா?"

அந்தக் கேள்வி வரிசை முழுக்கப் போனது. தட்டு வைத்திருந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். "முட்டையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ராஜம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, சாமி சத்தியமா இல்லீங்க! அண்ணாமலையார் மேல ஆணையா..."

"நீ சொல்ற. பாத்தா அப்படியே இருக்குதே."

"முட்டை இல்லீங்க."

சொன்னது ஆர்த்தி. அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் குரல் எழும்பியது அவளுக்கே புதிதாக இருந்தது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நான்தாங்க காலையில கல்ல தேய்ச்சுக் கெடுத்துட்டேன். அதான் தோசை ஒட்டிக்குது. ஒரு முட்டைய உடைச்சு அந்தக் கல்லுல தேய்ச்சிருந்தா கல்லு சரியாப் போயிருக்கும். நீங்க எப்பவும் சாப்பிடற தோசையையே தந்திருப்போம், உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. முட்டை போடறதா இருந்தா அப்படிப் போட்டிருப்பேங்க. அது வேணாம்னுதான் இப்படிக் கரண்டியில அல்லாடிக்கினு இருக்கோம்."

 வரிசையிலிருந்து ஒருவர் பலமாகச் சிரித்தார். "அந்தப் பொண்ணு சொல்றது நெசந்தாம்மா. எங்க வீட்லயும் ஒட்டற கல்லுக்கு அதான் வைத்தியம். எனக்கு ரெண்டு போடும்மா." அவர் தட்டை நீட்டியதும் மற்றவர்களும் நீட்டினார்கள். ஆர்த்தி மாவுப் பாத்திரத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்னால் இழுத்து வைத்துவிட்டு அடுத்ததை ஊற்றினாள்.

ஆதிலட்சுமி அம்மாள் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். "நீ பொய் சொல்லலம்மா. ஆனா எனக்கு மனசு வரல" என்றார். கொட்டகையில் தொங்கிய தாரிலிருந்து இரண்டு வாழைப்பழம் மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தார். "அடுத்த மாசம் கல்லுல போட்டுக் குடு, ராஜம்மா."

ராஜம்மாள் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  ஆனால் மாவு தீரும்வரை மருமகளை அடுப்பை விட்டுப் போகச் சொல்லவில்லை.

மறுநாள் பௌர்ணமி கழிந்துவிட்டது. ஆர்த்தி தோட்டத்து அடுப்பைப் பற்றவைத்து, மாமனாருக்கு ஆஃப்பாயிலும் புருஷனுக்குக் கலக்கியும் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனக்குக் கரண்டியைக் காயவைத்தாள். அப்போது ராஜம்மாள் தோட்டத்துக்கு வந்தாள். கையில் வெளுத்த தோசைக்கல். அந்த அடுப்பிலிருந்து தள்ளி, வேலி ஓரமாக மூன்று செங்கல்லைப் போட்டாள். சுள்ளி வைத்துக் கொளுத்தி, கல்லை ஏற்றினாள். எண்ணெயைத் தடவினாள். வெங்காயத்தால் தேய்த்தாள். புகை வந்ததும் இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினாள்.

ஆர்த்தி எழுந்தாள். "குடுங்க அத்த, நான் பண்றேன்."

"அங்கயே நில்லு. முட்டைக் கையோட கிட்ட வராத." குரலில் நேற்றிருந்த கோபம் இல்லை. "அந்தம்மா அடுத்த மாசம் வருவாங்க. தினமும் இப்படிப் பண்ணினா அதுக்குள்ள கறுத்துடும்."

ராஜம்மாள் இன்னும் நாலு சுள்ளியைச் செருகினாள்.

"நேத்து கைல எடுத்தியா?" என்று ராஜம்மாள் கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எதை அத்த?"

"முட்டையத்தான்."

"எடுத்தேன்."

"அப்புறம்?"

"வச்சுட்டேன்."

ராஜம்மாள் தலையை ஆட்டினாள். கல்லுக்கு இன்னொரு தடவை எண்ணெய் தடவினாள். பிறகு கேட்டாள்: "உன் கரண்டியில இன்னா வேவுது?"

"ஆம்லெட்டு."

"எனக்கும் ஒண்ணு போடு."

"உங்களுக்குப் பொரிச்ச முட்டை ஆவாதே அத்த."

"போடுடி. ஒரு ஊரே நேத்து அதப் பாத்து முட்டைன்னுச்சே, அதான் எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்."

ஆர்த்தி முட்டையை அடித்து ஊற்றினாள். உப்பி வந்ததைத் திருப்பி, தட்டில் தட்டிக் கொடுத்தாள். ராஜம்மாள் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து பிய்த்தாள். ஊதினாள். மென்றாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. கடைசித் துண்டுவரை தின்றாள்.

"மொளகு ஜாஸ்தி" என்றாள்.

"கம்மி பண்ணிடறேன் அத்த."

"டவுனுக்குப் போனா உன் புருஷன நாலு கரண்டி வாங்கியாரச் சொல்லு. ஆழமா, பிடி நீளமா. அது வாசலுக்கு மட்டும், இங்க வரக் கூடாது. அடுத்த பௌர்ணமிக்கு நான் கல்லுல நிக்கறேன், நீ கரண்டியில நில்லு. எது வேணுமோ அத வாங்கிக்கட்டும்."

"சரிங்க அத்த."

வேலி ஓரத்தில் கல் புகைய ஆரம்பித்திருந்தது. ராஜம்மாள் எழுந்து அதன் பக்கம் ஓரடி வைத்தாள். சட்டென்று நின்று, தன் கையையே பார்த்தாள்.

"பாத்துக்கினே நிக்கறியே, தண்ணிய ஊத்து" என்று இரண்டு கையையும் நீட்டினாள். "சோப்பும் எடு."